டீச்சரின் வண்டி துயரத்தால் நிற்கவில்லை

அரியலூர் ரயில் நிலையத்தில், சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த மகளுக்காகக் காத்திருந்தபோது, கமலவேணி டீச்சர் இறந்த செய்தி கைப்பேசிக்கு வந்தது. எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் சங்கத் தலைவர் தனபால் ஓர் அகல்விளக்குப் படத்தைப் போட்டு, 'இயற்பியல் ஆசிரியை கமலவேணி அவர்கள் இயற்கை எய்தினார்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அதற்கும் கீழே வேறொருவர், மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், உடற்கல்வி ஆசிரியருக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் கேக்கும் அனுப்பியிருந்தார். பிறந்தநாள்காரர் இரண்டுக்கும் சேர்த்துக் கை கூப்பியிருந்தார்.

அவரோடு வேலை பார்க்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்கள் பெரம்பலூரில் எங்கள் பள்ளி வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தே அவரைத் தெரிந்துகொள்வார்கள். பெட்டிக்குள் அவருடைய மொபெட் நிற்கிறது. பெட்டியின் மேல் எழுதியிருப்பது பொய். அதைச் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனி எழுதிப் பார்க்கலாம்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய அனைவரும் அவரை 'அன்பே உருவானவர்' என்றார்கள். ஒரு வாரம் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குக்கூட இது செய்தியாகத்தான் இருந்திருக்கும். அவர் நியாயமானவர்; அன்பானவர் என்று சொல்ல ஆதாரம் போதாது. தேர்வுத்தாளில் அரை மதிப்பெண் கேட்டு வந்த பெற்றோரிடம், "உங்க புள்ளை அரை மார்க்குல ஃபெயில் ஆகலைங்க. வருஷம் பூரா ஃபெயில் ஆயிட்டு இருந்தான். எனக்கு இப்பதான் பேப்பர் கெடைச்சிருக்கு" என்றவர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணத்தைக் கேட்டவர்களிடம், அவர்கள் திருமணம் செய்துகொண்டதற்கான காரணத்தைக் கேட்டார். பிறகு யாரும் கேட்கவில்லை.

அவருடைய மொபெட், பெடலை மிதித்துக் கிளப்பும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. வேலை கிடைத்த புதிதில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. அதன் நிறம் என்ன என்பதில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு மழைநாளில் அது பள்ளி வாசலில் நின்றுவிட்டபோது, தனபால் குடையைப் பிடித்தபடி, "என்ன டீச்சர், வண்டி கோவிச்சுக்கிச்சா?" என்றார். டீச்சர் நிமிரவில்லை. "கோவிச்சுக்க அது என்ன உங்க வூட்டு மாப்பிள்ளையா சார்? பிளக்குல கரி புடிச்சிருக்கு. கொடையை இங்கிட்டுக் கொஞ்சம் காட்டுங்க" என்று பிளக்கைக் கழற்றி, கைப்பையிலிருந்த உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். வண்டி கிளம்பியது. குடை அவர் பக்கம் வரவேயில்லை.

இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு ஏன் புது வண்டி வாங்கவில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். வண்டி மேல் பாசம் என்பார் என்று எதிர்பார்த்தேன். "இது நல்ல வண்டி இல்லய்யா. புகை விடும், நாத்தம் அடிக்கும், மேட்டுல நாமளும் சேந்து மிதிக்கணும். ஆனா எனக்குப் புரியிற வண்டி. ஏன் நின்னுச்சுன்னு இன்னொருத்தன் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை" என்றார். தமிழாசிரியர் என்பதால் என்னை அவர் எப்போதும் ஐயா என்றுதான் அழைப்பார். மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும்.

அந்த வண்டியில் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயத்தை அவர் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். இன்றைய வண்டிகளில் எண்ணெய்க்குத் தனி அறை உண்டு. பெட்ரோல் எரிகிற வேலையைப் பார்க்கும். எண்ணெய் தன் அறையிலிருந்து உள்ளுறுப்புகளை நனைத்துக்கொண்டிருக்கும். அவருடைய வண்டியில் அப்படி அறை எதுவும் இல்லை. பெட்ரோலிலேயே அளவாக எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கூடினால் புகையும், பிளக்கில் கரி ஏறும். கலக்காமல் விட்டாலோ, வண்டி முதலில் நன்றாகவே ஓடும், புகையும் இருக்காது. பிறகு பிஸ்டன் சூட்டில் பெருத்து, சிலிண்டரோடு இறுகி நின்றுவிடும். இதற்காக அவர் வீட்டில் ஓர் அளவைக் குடுவை வைத்திருந்தார். தண்ணீர் பாட்டிலில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கி, கலந்த பிறகுதான் டாங்கில் விடுவார். தனபால் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "எம்மாடி, ஒரு வண்டிக்கு இவ்ளோ சமையலா?" என்றார். "சமையல்னு நெனச்சாவது ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார் டீச்சர். தனபால் வைத்துக்கொள்ளவில்லை.

உதிரிப் பாகங்களுக்கு அவர் அரியலூர் போவார். ஒருமுறை நானும் பின்னால் உட்கார்ந்து போனேன், மறுமுறை போகவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்குவது அந்தச் சாலையில் ஓட்டுவதன் ஒரு பகுதி அல்ல. அதுதான் ஓட்டுவது, நடுநடுவே தார்ச் சாலையும் வரும். திரும்பி வரும்போது இருவரும் ஒரே நிறத்தில் இருந்தோம். வீட்டு வாசலில் அவர் முகத்தைக் கழுவுவதற்கு முன் காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். "நம்ம மூக்குக்கு ரெண்டு நாள் தும்மினா போதும். இதுக்குத் தும்மத் தெரியாது" என்றார். அவர் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லி நான் கேட்டவற்றில் கனிவுக்கு மிக அருகில் வந்த வாக்கியம் இதுதான்.

இப்போது பச்சையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் கழிப்பறைகளைக் கழுவி, வளாகத்தைக் கூட்டும் வேலை அவருடையது. டீச்சரைவிடச் சற்று இளையவர். டீச்சரின் வீடு குரும்பலூரில். பச்சையம்மாளின் வீடு அதையும் தாண்டி, ஊருக்குச் சேராத தெரு என்று ஊரே ஒதுக்கி வைத்திருக்கும் தெருவில். காலை வழிபாட்டுக்கு முன் கழிப்பறைகள் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து முதல் பஸ் வழிபாடு முடிந்த பிறகுதான் பள்ளியருகே வரும். ஆக, பஸ்ஸை நம்பினால் வேலை இல்லை. டீச்சர் தினமும் பச்சையம்மாளை வண்டியின் பின்னால் ஏற்றி வந்தார். இதை யாரும் குறை சொல்லவில்லை. கருணை என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

சிக்கல் மாலையில் வந்தது. டீச்சருக்கு முதுகுவலி தொடங்கியதும், பச்சையம்மாளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, வீடு திரும்பும்போது அவரை ஓட்டச் சொன்னார். கற்றுக்கொடுத்தார் என்பது நாகரிகமாகச் சொல்வது. பள்ளி மைதானத்தில் இருவரும் போட்ட சத்தம் ஒன்பதாம் வகுப்பு வரை கேட்டது.

"ஆக்சிலேட்டரை மெதுவாத் திருப்புன்னேன். அது என்ன துணியா, புழிஞ்சு காயப்போட?"

"பின்னாடி உக்காந்துக்கிட்டு தோளைப் புடிச்சு அழுத்துனா எப்பிடி டீச்சர் ஓட்டுறது? கையை எடுங்க மொதல்ல."

"எடுத்தா விழுந்துருவேன்டி."

"விழுங்க. அப்பதான் நான் நிதானமா ஓட்ட முடியும்."

பள்ளியில் டீச்சரிடம் இப்படிப் பேசிய ஒரே மனிதர் பச்சையம்மாள். அவரிடம் மட்டும் டீச்சர் பதில் சொல்ல முடியாமல் சிரித்தார்.

குரும்பலூர் டீக்கடையில் இருந்தவர்களுக்கு, டீச்சர் ஓட்டி பச்சையம்மாள் பின்னால் உட்கார்ந்தபோது தெரியாத வண்டி, பச்சையம்மாள் ஓட்டி டீச்சர் பின்னால் உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது. ஒருவர் கேட்டேவிட்டார்: "என்னங்க டீச்சர், நீங்க போயி பின்னாடி உக்காந்து வர்றீங்க?" டீச்சர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "முதுகு வலிக்குது. நீங்க ஓட்டுறீங்களா?" அவர் தடுமாறி, "எனக்கு ஓட்ட வராதுங்க" என்றார். "அவளுக்கு வருது" என்றார் டீச்சர். வண்டி கிளம்பிற்று. இதைப் பச்சையம்மாள் எனக்குச் சொன்னபோது பெருமையாகச் சொல்லவில்லை. "அடுத்த நாள்லேருந்து அந்தக் கடையைத் தாண்டுறப்ப நான்தாங்க வேற பக்கம் பாத்துக்கிட்டு ஓட்டுறேன். டீச்சருக்கென்ன, சொல்லிட்டாங்க" என்றார்.

டீச்சரின் இதயம் பலவீனமானது பின்னால்தான் தெரிந்தது. திருச்சி மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது அவருடைய தம்பி ராஜமாணிக்கம் கட்டிலருகே இருந்தார். உடையார்பாளையம் பக்கம் நிலபுலம் உள்ளவர், மரியாதை தெரிந்தவர். டீச்சர் என் எதிரிலேயே தம்பியிடம் சொன்னார்: "வண்டி பச்சையம்மாவுக்கு. பேரை மாத்தி அவ கையில குடுத்துடு. அது இல்லைன்னா அவளுக்கு வேலை இல்லை. புரியுதா?"

"ஆகட்டும்க்கா" என்றார் ராஜமாணிக்கம்.

வெளியே நடைபாதையில் அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "அக்கா நல்ல மனசுல சொல்லுது. நமக்கு ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல சார். நம்ம வூட்டு வண்டி அந்தத் தெருவுல போயி நின்னா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க. கொடுக்கக் கூடாதுன்னு இல்ல. எப்பிடிக் கொடுக்காம இருக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்." இவ்வளவு நேர்மையாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், டீச்சரின் வண்டியை முன்னால் விட்டு ஒரு நினைவு ஊர்வலம் நடத்த ஆசிரியர் சங்கம் முடிவு செய்தது. பழைய பஸ் நிலையத்திலிருந்து பள்ளி வரை. ஓட்டுபவர் தனபால். கைப்பிடியில் டீச்சரின் படத்தைக் கட்டி, ஆளுயர ரோஜாமாலை போட்டார்கள். மாலை கீழே தொங்கி இஞ்சினை மூடியது. பச்சையம்மாள் ஊர்வலத்தில் இல்லை. ஊர்வலம் வந்து சேரும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் அவரைப் பள்ளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். நான் வருவதற்குள் வண்டிக்குப் பெட்ரோலும் போட்டு முடித்திருந்தார்கள்.

வண்டி நடக்கிற வேகத்தில் போனது. காற்றுப் பட்டு ஆற வேண்டிய இஞ்சின், மாலைக்குள் வெந்துகொண்டிருந்தது. என் முன்னால் போன இருவர், "டீச்சர் ஓட்டுறப்ப தெருவே புகையா இருக்கும். இன்னிக்குப் பாரு, துளி புகை இல்ல" என்று வியந்தார்கள். பாலக்கரை அருகே வண்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது, பின்சக்கரம் ஒரு முறை இழுத்தது, நின்றது. தனபால் பெடலை மிதித்தார். மீண்டும் மிதித்தார். அவர் கனத்த மனிதர். இருந்தும் இஞ்சின் அசையவில்லை. ஓர் ஆசிரியை விசும்பத் தொடங்கினார். அந்த விசும்பலில் தனபாலுக்கு வழி கிடைத்தது. வேனிலிருந்து மைக்கை வாங்கி, குரல் உடையச் சொன்னார்: "எஜமானியம்மா பிரிவைத் தாங்க முடியாம, இந்த வாயில்லா வண்டியும் தன் உயிரை விட்டிருச்சு."

மறுநாள் பத்திரிகையில் அதுவே தலைப்பாக வந்தது. பின்னால் கண்ணாடிப் பெட்டியின் மேலும் அதையே எழுதினார்கள்.

என்ன பெட்ரோல் போட்டீர்கள் என்று தனபாலிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். பங்கில் டாங்க் நிறைய ராஜமாணிக்கம்தான் போட்டாராம். 'அக்கா பாவம், கடைசி வரைக்கும் பாட்டில்ல கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டாந்து ஊத்திச்சு. இன்னிக்காவது இதுக்கு வயிறு நெறையட்டும்' என்று கண்கலங்கினாராம். அக்கா பாட்டிலைக் குலுக்குவதை ஆயுள் முழுக்கப் பார்த்த தம்பி, அதைச் சிக்கனம் என்று புரிந்து வைத்திருந்தார். எண்ணெய் ஒரு சொட்டு கலக்கப்படவில்லை. டீச்சரின் கையில் அத்தனை ஆண்டுகள் ஓடிய இயந்திரத்தை, அவரை மதித்தவர்கள் ஒரு காலைப் பொழுதில் முடித்து வைத்தார்கள்.

முடித்து வைத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பச்சையம்மாள் அரியலூரில் டீச்சர் போகும் கடைக்கே போய் விசாரித்திருந்தார். "இஞ்சினை எறக்கி, உள்ள தேச்சு, ரிங் மாத்துனா ஓடும்னாங்கய்யா. செலவை நான் பாத்துக்கறேன். வண்டியை மட்டும் குடுக்கச் சொல்லுங்க. பஸ் வர்ற நேரத்துக்கு வர்ற ஆளு வேணாம்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு" என்றார். டீச்சர் போனதிலிருந்து அவர் இருட்டோடு கிளம்பி, கொஞ்ச தூரம் நடந்தும், கொஞ்ச தூரம் பால் வண்டியில் தொற்றியும் வந்துகொண்டிருந்தார். பால் வண்டி வராத நாள்களில் வழிபாட்டுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்.

நினைவுக் குழு என்று ஒன்று அமைத்திருந்தார்கள், என்னையும் போட்டிருந்தார்கள். அதில் டீச்சர் மருத்துவமனையில் சொன்னதையும் பச்சையம்மாளின் கோரிக்கையையும் சொன்னேன். ராஜமாணிக்கம் தரையைப் பார்த்தார். தனபால்தான் பேசினார்.

"ஐயா, பேப்பர்ல வந்துடுச்சு. துக்கத்துல நின்ன வண்டியைக் கொண்டுபோயி பட்டறையில விட்டு, மறுபடி தடதடன்னு ஓட்டுனா, அப்ப துக்கம் பொய்யான்னு கேக்க மாட்டாங்களா?"

"பொய்தானே?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புள்ளைங்களுக்கு எதுக்கு?"

அவர் இயற்பியல் ஆசிரியையின் நினைவுக் குழுவில் இருந்துகொண்டு இதைச் சொன்னார் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ராஜமாணிக்கம் நிமிர்ந்து, "அந்தப் பொம்பளைக்கு அக்கா நினைவா நல்லதா ஒரு பொடவை எடுத்துக் குடுத்துடுவோம். கண்ணாடிப் பொட்டி செலவு பூரா நான் ஏத்துக்கறேன்" என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக எழுதிக்கொண்டார்கள். இறந்தவர் கேட்டதைக் கொடுக்க மனமில்லாதபோது, அவர் கேட்காததைப் பெரிதாகச் செய்வது நம் வழக்கம். ஊர்ச் சிலைகளில் பாதி இப்படித்தான் எழுந்திருக்க வேண்டும்.

பெட்டித் திறப்பு விழாவில் என்னைப் பேச அழைத்தார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. "இந்த வண்டி துயரத்தால் நிற்கவில்லை. பெட்ரோலில் எண்ணெய் கலக்காததால் நின்றது. சரிசெய்தால் ஓடும்" என்று சொல்லி உட்கார்ந்தேன். பலத்த கைதட்டல். தனபால் ஈரக்கண்களோடு மைக்கைப் பிடித்தார்: "பாசம்ங்கற எண்ணெய் கலக்கலைன்னா வாழ்க்கை வண்டி ஓடாதுன்னு ஐயா எவ்வளவு அழகா சொல்லிட்டாங்க." ஆயுள் முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்ததற்கு இது எனக்குக் கிடைத்த தண்டனை. ஒரு முறை உள்ளதை உள்ளபடி சொன்னேன், அது கவிதையாகிவிட்டது.

பச்சையம்மாள் கூட்டத்தின் ஓரத்தில், கொடுத்த புடவைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைத் தினமும் துடைப்பது அவருடைய வேலைகளில் சேர்க்கப்பட்டது. சில வாரங்கள் துடைத்தார். அதன் பிறகு, பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு பெண்ணை அவருடைய இடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தாமதம் என்று பச்சையம்மாளை யாரும் திட்டவில்லையாம். நாளையிலிருந்து வர வேண்டியதில்லை என்று அமைதியாகச் சொன்னார்களாம். இப்போது சின்ன வெங்காயத்தின் தாளை அறுக்கும் கொட்டகைக்குப் போகிறார். அதற்கு வேன் வருகிறது. பெரம்பலூரில் ஒரு நாள், வீடு திரும்ப வேனுக்குக் காத்திருந்தவரைப் பார்த்தேன். "கண்ணு எரிச்சல்தாங்கய்யா. மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார்.

கமலவேணி டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கம் மட்டுமே. ஒன்று நின்றுபோனால், வருத்தப்படுவதற்கு முன்னால், ஏன் நின்றது என்று கேட்பது. நண்பர்களைச் சம்பாதித்துத் தரும் பழக்கம் அல்ல இது; அவருக்கும் தரவில்லை. சென்ற வாரம் பள்ளி அலுவலகத்துக்குப் போய், பச்சையம்மாள் ஏன் வேலையை விட்டு நின்றார் என்று கேட்டேன். எழுத்தர் நல்ல மனிதர். நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பாவம்ங்கய்யா. டீச்சர் போன துக்கம். அதுக்கப்புறம் அந்தம்மாவுக்கு இங்க வேலையே ஓடல."